சோற்றுப் பெட்டிக்குள் மாத்திரைகள்

ஊருக்கு உதவி செய்யக் கிளம்புகிறவன் கையில் நல்லதொரு பிளாஸ்டிக் பை இருக்க வேண்டும், பிள்ளைகளே. அது இல்லாமல் போனதால்தான் உங்கள் அப்பாவாகிய நான் குற்றவாளிக் கூண்டில் ஏறினேன்.

அப்போது எனக்குக் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். டவுனுக்குப் போகிறவன்தான் எல்லாருக்கும் மருந்து வாங்கி வர வேண்டும். அன்றும் டொக்டர் எழுதிக் கொடுத்த எல்லாருடைய மருந்துத் துண்டுகளையும் பாமசியில் காட்டி, மாத்திரைகளைக் கடதாசி உறைகளில் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பிடித்தது மழை. உறைகள் கிழிந்தன. துண்டுகள் கூழாகின. (காய்ந்திருந்தாலும் அந்த எழுத்தை யார் வாசித்தார்கள்!) நான்தான் பெரிய மூளைக்காரனாயிற்றே, எல்லா மாத்திரைகளையும் சோற்றுப் பெட்டியில் கொட்டி மூடினேன். வீட்டில் போய் நிறம் பார்த்துப் பிரிக்கலாம் என்ற நினைப்பு.

வத்தேகமவில் பொலிஸ் பஸ்ஸை மறித்தது. பெட்டியைத் திறந்தார்கள். அதிலிருந்த சில கேப்சூல்கள், சிலர் போதைக்கு விழுங்கும் வகையாம்.

"யாருடையது?"

"எல்லாருடையதுந்தான், மாத்தயா."

(இதைவிட மோசமான பதில் இலங்கையிலேயே கிடையாது.)

பிணையில் வந்ததும் வக்கீல் மிஸ்ஸிடம் ஓடினேன். "அந்தக் கேப்சூல் யாருக்கு எழுதினது?" என்று கேட்டார்.

"முத்தையா அண்ணனுக்கு, மிஸ். முதுகு நரம்புல வலி."

"அப்ப அவர் வந்து, தனக்குத்தான்னு சொல்லட்டும். டொக்டரோட பதிவையும் எடுத்துடலாம். இல்லாட்டி உங்களுக்கு மறியல்தான், கம்பி எண்ணணும்."

உங்களில் பெரியவள் அப்போது அம்மாவின் வயிற்றில்.

சிக்கல் என்னவென்றால், உங்கள் முத்தையா பெரியப்பா தோட்டத்திலேயே பலசாலி என்று பெயர் எடுத்தவர். தேர் இழுக்க வடத்தில் முதல் ஆள். மருந்துத் துண்டைக்கூட இருட்டில்தான் என் கையில் திணிப்பார். வழக்கன்று சாட்சி சொல்ல வந்தவர், கோர்ட்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பின்னால் லயமே உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்கு முதுகு வலி இருக்கிறதா?" என்று வக்கீல் மிஸ் கேட்டார்.

"எனக்கா? இந்த ஒடம்புக்கா? ஒண்ணுமில்லீங்க!"

"அண்ணே, பொய் சொல்லாதீங்க! எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சி!" என்று கூண்டிலிருந்தே கத்தினேன். நீதவான் முறைத்தார். மொழிபெயர்ப்பாளர் அதையும் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் உரக்கச் சொன்னார். கோர்ட்டே சிரித்தது.

அந்தக் கலவரத்தில் அண்ணன் முகம் துடைக்கக் கையில் வைத்திருந்த லேஞ்சி விழுந்தது. எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"நிமிருங்கள்" என்றார் நீதவான்.

"வர மாட்டேங்குதுங்க, ஐயா."

"எவ்வளவு காலமாக இப்படி?" வக்கீல் மிஸ் விடவில்லை.

தரையைப் பார்த்தபடியே அண்ணன் சொன்னார். "ரொம்ப நாளாங்க. அந்த மாத்திர என்னுதுதாங்க. அவன விட்டுருங்க."

அவரை அப்படியே மடித்து பஸ்ஸில் ஏற்றியது நான்தான். வழக்கின் அடுத்த தவணையில் டொக்டரின் பதிவும் வந்தது. என்னை விடுவித்தார்கள்.

பெரியப்பா இப்போது வேறு கதை சொல்கிறார். "ஒங்கப்பனக் காப்பாத்த நான் வேணும்னேதான் குனிஞ்சேன்!" நீங்களும் லேசுப்பட்டவர்களா? அவர் நம் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தாலே, "பெரியப்பா, வக்கீல் மிஸ்ஸக் கூப்பிடவா?" என்று ஓடுகிறீர்கள். பாவம் மனிதர், செருப்பைக் காலாலேயே உதறிவிட்டு, விறைத்த நெஞ்சோடு உள்ளே வருகிறார்.