முனீஸ்வரன் கொடுக்காத சாவி

உட்லண்ட்ஸ்,
ரத்னவேல் மாமா அவர்களுக்கு,

ரக்ஷனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீங்களும் அத்தையும் பிரேமும் நலம் என்று அம்மா தினமும் இரண்டு முறை போனில் கேட்டுச் சொல்வதால், நான் தனியாகக் கேட்கவில்லை. போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் எல்லா போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். அதனால் கடிதம்.

சனிக்கிழமை நீங்கள் எங்கள் மளிகைக் கடைக்குள் வந்தபோது, உங்கள் சட்டைப் பையிலிருந்து சுருட்டு ஒன்று எட்டிப் பார்த்ததைத்தான் முதலில் கவனித்தேன். நீங்கள் புகைப்பதில்லை. அப்படியென்றால் மறுநாள் வீட்டில் முனீஸ்வரனுக்குப் படையல். சுருட்டுக்கு அடுத்து, படையலுக்கு வைக்கும் ஸ்டவுட் பீர் பாட்டில்தான் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மணி ஏழு தாண்டி மூன்று நிமிடம். லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு ஏழு மணிக்குமேல் பாட்டில் விற்கக் கூடாது. ஏழு அடித்ததும் பீர் ஃப்ரிட்ஜைச் சங்கிலி போட்டுப் பூட்டுவது என் வேலை. பூட்டி முடித்துச் சாவியைக் கையில் வைத்திருந்தேன். சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினேன். நீங்கள் அதை வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு, “என்ன ரக்ஷனா, மாமாவுக்கே சட்டமா லா? நான் குடிக்கவா கேட்டேன்? சாமிக்கும்மா” என்றீர்கள். ரொட்டி வாங்க நின்ற சின்னராசு அண்ணன், “சாமிக்கு மைலோ வைங்கண்ணே, தெம்பா இருக்கும்” என்று சொல்லப்போய், நீங்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ரொட்டியை வைத்துவிட்டே போய்விட்டார். உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில் அதற்குப் பிறகும் விற்பார்கள், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லத்தான் நினைத்தேன். அது வாயில் வந்து சேர்ந்தபோது நீங்கள் ரோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. நீங்கள் பேசப் பேச என் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. படையலுக்கு வாங்கி நீங்கள் மேசைமேல் வைத்திருந்த பூப்பையின் வாயைக் கட்டிக் கொடுத்தேன். கையில் இருந்த சாவி பூவோடு உள்ளே போய்விட்டது.

நீங்கள் போன பிறகு கடை முழுக்கத் தேடினேன், அரிசி மூட்டைக்கு அடியில்கூட. மறுநாள் மதியம் போனில் குடும்பக் குழுவில் போட்டோ வந்தது. முனீஸ்வரன் படத்துக்குக் கீழே தாம்பாளம், அதில் சந்தனம் குங்குமம் வைத்து என் சாவி. “பூவைக் கொட்டினேன், சாவி விழுந்துச்சு. எம் பையன் பிரேமுக்கு வீடு வந்தாச்சு. முனி சாவியே குடுத்துட்டாரு” என்று எழுதியிருந்தீர்கள். பிரேமும் நிவேதிதாவும் மூன்று தடவை அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் குலுக்கலில் வராமல், கல்யாணத்தையே தள்ளி வைத்திருப்பது எனக்கும் தெரியும். அதன் கீழே நாற்பத்தொரு பேர் கைகூப்பும் படம் போட்டுக் கும்பிட்டிருந்தார்கள். அம்மா கும்பிட்டுவிட்டு, நீயும் கும்பிடு என்றார். கும்பிட்டேன்.

மாமா, அது பீர் ஃப்ரிட்ஜ் சாவி.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபோது, மாணிக்கம் முதலாளியிடம் சொல்லி எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான். சாவியைக் கொடுக்கும்போது அவர், “லைசன்ஸ் போச்சுன்னா கடை போச்சு. இந்தச் சாவி தொலைஞ்சா நீயும் வர வேணாம்” என்றார். இன்னொரு சாவி அவர் பையில். அவர் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார், புதன்கிழமை வருகிறார். இன்று செவ்வாய். இந்தக் கடிதத்தை இன்றிரவே உங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் நானே போட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஃப்ரிட்ஜ் பழுது என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இந்தத் தெருவில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. வருகிறவர் எல்லாம் பின்னால் போய் வயரைப் பிடித்துப் பார்க்கிறார்கள். ஆகவே தயவுசெய்து, யாருக்கும் சொல்லாமல், சந்தனத்தைக்கூடத் துடைக்க வேண்டாம், அந்தச் சாவியை அத்தையிடம் கொடுத்து அனுப்புங்கள். எனக்கு இந்த வேலை வேண்டும் மாமா.

அத்தைக்கு என் அன்பு. பிரேமுக்கும் நிவேதிதாவுக்கும் நல்லது நடக்கட்டும். முனீஸ்வரன் எல்லோரையும் காக்கட்டும், என்னையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்
ரக்ஷனா

பி.கு.: நேற்று கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியபோது அம்மா போனோடு ஓடி வந்தார். பிரேமுக்குக் குலுக்கலில் எண் விழுந்துவிட்டதாம், புக்கிட் பாஞ்சாங்கில், வீடு தேர்ந்தெடுக்கும் வரிசையில் நூற்றுப் பன்னிரண்டாவது. நீங்கள் ஸ்பீக்கரில் அழுதது எனக்கும் கேட்டது. இன்று புதன், உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், ஆனால் இந்தக் கடிதம் இனி உங்களுக்கு வராது. இன்று காலை முதலாளி வந்ததும், சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று வாய் திறந்து சொன்னேன்.