கம்ப்யூட்டருக்கு ஒரு சட்டை

முக்கோணத்துக்கு இரண்டு பக்கம் வரைந்து, மூன்றாவது பக்கத்துக்குக் கை போகும்போது மனைவி திரையில் அப்படியே உறைந்துபோனாள். வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கண் மூடியிருந்தது.

சமையலறையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஒத்திகைக்கு மாணவனாக உட்கார்ந்திருந்த அவள் கணவர், மருந்துக்கடைக்காரர், குரல் கொடுத்தார்.

"டீச்சர், நின்னுட்டீங்க!"

"நான் நிக்கலைங்க. உங்க கம்ப்யூட்டர்தான் நின்னுடுச்சு!" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது.

அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். நோயால் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு வீடியோவில் பாடம் நடத்தும் ஓர் அமைப்பு இப்போது அவளைக் கூப்பிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாதிரி வகுப்பு. அது நன்றாக அமைந்தால் கணக்கு டீச்சர் வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தே, இதே கம்ப்யூட்டரிலிருந்தே.

அந்தக் கம்ப்யூட்டரோ காலையில் போட்டால் மான் மாதிரி துள்ளும். பத்து நிமிடத்தில் 'உஸ்... உஸ்...' என்று மூச்சு வாங்கும். அப்புறம் ஆமை.

"கவலைப்படாதே. எத்தனை வியாதியைப் பார்த்திருக்கேன்! இதுக்கு நான் வைத்தியம் பண்றேன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அதுதான் எனக்குக் கவலையே," என்றாள் மனைவி.

வயிறு உப்பினால் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவருடைய முதல் முடிவு. உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தார். அரை மணி நேரத்தில் கூடத்திலிருந்து ஓர் அலறல்.

"ஏங்க! நான் வரைஞ்சு வெச்ச படமெல்லாம் எங்கே?"

"கோடு கோடா இருந்துச்சே, அதுவா? ஏதோ கை தவறி விழுந்ததுன்னு நினைச்சேன்."

"அது வட்டம், சதுரம், முக்கோணம்! என் பாடம்!"

நல்லவேளையாக, அழித்ததெல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைக்கூடையில் பத்திரமாக இருந்தது. ஒவ்வொன்றாக மீட்டார்கள். வேகம் மட்டும் மீளவில்லை.

அடுத்து, கம்ப்யூட்டரைச் சுறுசுறுப்பாக்கும் என்று யாரோ சொன்ன புரோகிராம் ஒன்றைப் போட்டார். பலன் தெரியாததால் இரண்டாவது. அதற்குத் துணையாக மூன்றாவது. மூன்றும் சேர்ந்து கம்ப்யூட்டருக்குள் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டன. பத்து நிமிடத்தில் நின்றது இப்போது ஐந்தே நிமிடத்தில் நின்றது.

"கடைக்கு வர்றவங்ககிட்ட, ஒரே வியாதிக்கு ரெண்டு மருந்து சாப்பிடாதீங்கன்னு சொல்வீங்களே. அது மனுஷங்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் கடையைப் பணியாளர்கள் இருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கம்ப்யூட்டரை ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனார்.

எடுக்கும் முன் அதன் சட்டையைப் பயபக்தியோடு கழற்றினார். அது மாமியார் தன் கையால் தைத்த சட்டை. போன வருஷம் இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, மனைவி பள்ளியில் இருந்த நேரம், அத்தை ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்திருந்தார். "மாப்பிள்ளை, இது உங்களுக்கு," என்று நீட்டியதும் இவர் பிரித்துப் பார்த்தார். கெட்டியான நீலத்துணி, மெத்து மெத்தென்று பஞ்சு. உடனே கம்ப்யூட்டர் மேல் கவிழ்த்தார். "அத்தை! அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே! தூசியே படாது!" என்று குதித்தார். அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமலே மூடிக்கொண்டார். பாவம், நெகிழ்ந்துவிட்டார் என்று இவருக்கும் கண் கலங்கியது.

மனைவிக்கு அந்தச் சட்டை பிடிக்கவில்லை.

"எங்க அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை. பூவெல்லாம் தலைகீழாத் தொங்குது. கீழே ரெண்டு காது வேற."

"காது இல்லை, பிடி. தூக்கிக் கழட்டறதுக்கு. பூ தொங்கினா என்ன? அடக்கமான பூ. ஒருத்தர் கண் வலிக்கத் தைச்சுக் கொடுத்ததைக் கழட்டி மூலையில போடக் கூடாதும்மா."

அவர் சுபாவம் அப்படி. காலையில் கடையைத் திறக்கும்போதே, 'இன்னைக்கு வர்றவங்க வலியெல்லாம் குறையணும், கடவுளே' என்று கும்பிட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடுவார். மதியச் சாப்பாட்டைக்கூடப் பணியாளர்கள் இருவருக்கும் சேர்த்தே அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுபோவார். மூன்று பேரும் கூட்டம் ஓய்ந்து உட்காரும்போது அது ஜில்லென்று ஆறிப்போயிருக்கும். அந்த ஒரு குறையை மட்டும் வீட்டில் எப்போதாவது சொல்லுவார்.

ரிப்பேர் கடையில் கம்ப்யூட்டர் பிரமாதமாக ஓடியது. பல் பிடுங்குகிறவரின் நாற்காலியைக் கண்டதும் வலி பறந்துபோகுமே, அந்த மாதிரி.

"சார், ரெண்டு மணி நேரமா ஓடுது. இதுக்கு ஒண்ணுமே இல்லை," என்றார் ரிப்பேர்காரர்.

"வீட்டுல நிக்குதே!"

"நீங்க போட்ட மூணு புரோகிராமையும் எடுத்துட்டேன். மெமரியும் கூட்டியிருக்கேன். இனிமே குதிரைதான்."

குதிரை வீட்டுக்கு வந்தது. சட்டை போட்டுக்கொண்டது. பத்து நிமிடத்தில் படுத்துவிட்டது.

போனில் கேட்டபோது ரிப்பேர்காரர் யோசித்து, "ஒருவேளை உங்க வீட்டுக் கரண்ட் பத்தலையோ என்னவோ சார்," என்றார். உடனே மருந்துக்கடைக்காரர் ஃப்ரிட்ஜை நிறுத்தினார். மறுநாள் காலை பால் திரிந்திருந்தது, தரையெல்லாம் தண்ணீர். மனைவி வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் மட்டும் வழக்கம்போல் பத்து நிமிடம் ஓடி நின்றது.

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"விடுங்க. எனக்குக் கொடுத்து வைக்கலைன்னு நினைச்சுக்கறேன். அந்தப் பிள்ளைங்களுக்காவது நல்ல டீச்சர் கிடைக்கட்டும்."

வெள்ளிக்கிழமை அவர் கடையில் நின்றார், மனம் வீட்டில் நின்றது. சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். குழந்தைக்குக் கம்பளித் தொப்பி, கம்பளிச் சட்டை, அதற்கு மேல் போர்வை.

"உடம்பு அனலாக் கொதிக்குது சார்! மூச்சு வாங்குது! சீக்கிரம் மருந்து கொடுங்க!"

"மருந்து இருக்கட்டும்மா. முதல்ல போர்வையை எடுங்க! இப்படிச் சுத்தி வெச்சா உள்ளே இருக்கிற சூடு எங்கே போகும்? பச்சைக் குழந்தை மூச்சு வாங்காம என்ன..."

அவர் பேச்சு பாதியில் நின்றது.

குழந்தையை நல்லபடியாகப் பக்கத்து டாக்டரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்தே வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். போய்ச் சேரும்போது நாலு மணி தாண்டிவிட்டது. செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றார்.

மகளை வாழ்த்த வந்த அத்தை, கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே நாற்காலியில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். மேஜைக்குக் கீழே, நீலச்சட்டைக்குள் கம்ப்யூட்டர் 'உஸ்... உஸ்...' என்று கொதித்துக்கொண்டிருந்தது.

மனைவி சிரித்த முகத்தோடு திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் நடுங்கியது. "இப்போ மூணாவது பக்கம்..."

திரை லேசாகத் திக்கியது.

அவர் அத்தையைப் பார்த்தார். கண் வலிக்கத் தைத்தவர். அவர் கண்ணெதிரிலேயே அதைப் பிடுங்கி எறிவதா? மனைவியைப் பார்த்தார். துடைப்பத்தோடு அவள் நின்ற நிலை ஞாபகம் வந்தது. 'கடவுளே, ரெண்டு மனசும் நோகாம பார்த்துக்கோ' என்று வேண்டிக்கொண்டு, கேமராவில் தெரியாமல் இருக்கத் தரையில் படுத்தார். முழங்கையால் ஊர்ந்து மேஜைக்குக் கீழே போனார்.

"என்ன மாப்பிள்ளை, ஏதாவது விழுந்துடுச்சா?" என்று அத்தை கிசுகிசுத்தார்.

"மன்னிச்சுடுங்க அத்தை," என்று கிசுகிசுத்துவிட்டு, பிடி இரண்டையும் பற்றிச் சட்டையை உருவினார். அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அனல் அடித்தது. கையில் கிடைத்த பழைய தினசரியால் கம்ப்யூட்டருக்கு விசிறினார்.

விசிற விசிற 'உஸ்' குறைந்தது. தலைக்கு மேலே மனைவியின் குரல் நடுக்கம் விட்டுத் தெளிந்தது. மூன்றாவது பக்கம் வரைந்தாள். முக்கோணம் மூடியது. எங்கோ ஒரு படுக்கையிலிருந்து ஒரு சின்னக் குரல், "டீச்சர், இன்னொண்ணு வரைங்க!" என்றது.

வகுப்பு முடிந்து அவள் எழுந்தபோது கண்ணில் நீர். "திங்கள்கிழமையே ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க! ஏங்க, அங்கே என்ன பண்றீங்க?"

மேஜைக்குக் கீழிருந்து ஒட்டடை படிந்த தலையோடு அவர் வெளியே வந்தார். நீலச்சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி மாமியார் முன் நின்றார்.

"அத்தை, நீங்க ஆசையாத் தைச்சுக் கொடுத்த சட்டை. வீட்டுல ஒரு நாள்கூடக் கழட்டாம வெச்சிருந்தேன். ஆனா அதுக்கு மூச்சு முட்டுது அத்தை. சூடு வெளியே போக வழியில்லை. உங்க மனசு நோகும்னு தெரியும். ஆனாலும்..."

அத்தை அந்தத் துணியை வாங்கினார். மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். பூக்களெல்லாம் நிமிர்ந்து நின்றன. இரண்டு காதுகளையும் ஒன்றுசேர்த்துத் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

"சூடு வெளியே போகக் கூடாதுன்னுதான் மாப்பிள்ளை, உங்க சாப்பாட்டுப் பைக்கு ரெண்டு அடுக்குப் பஞ்சு வெச்சுத் தைச்சேன், நீங்க அவ்வளவு ஆசையா அதை கம்ப்யூட்டருக்குப் போட்டு அழகு பார்த்ததும், உங்க மனசு நோகுமேன்னு நானும் இத்தனை நாளா வாயைத் திறக்கலை!"