மேற்படியின் நூற்றெண்பது ஏக்கர்

"மேற்படிங்கிற ஆளை வரச் சொல்லும்மா. நிலம் அவரு பேருல இருக்கு, அவரு வந்தாத்தான் நெல்லை எடுப்போம்" என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காளியம்மாள் அந்த எரிச்சலை அப்படியே சுமந்துவந்து, ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பாத்திமாவிடம் கொட்டினாள். அவளுடைய ஒரு ஏக்கர் நெல் திறந்த களத்தில் குவிந்து கிடக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பாத்திமாவுக்குக் காலையிலிருந்தே கோபம்தான். கிராம நிர்வாக அலுவலர் முருகையன் கொடுத்த எக்செல் அட்டவணையைக் கொள்முதல் செயலி ஏற்காது. ஒவ்வொரு வயலுக்கும் உரிமையாளர், புல எண், பரப்பு என்று தனித்தனியாகப் பிரித்து, அது கேட்கிற வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு வரியை இரண்டு நாளில் மாற்றினாள். முருகையனோ பழைய பதிவேட்டைப் பார்த்துப் பதிந்தவர். அதில் உள்ளபடியே பெயரை ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த வரிகளிலெல்லாம் 'மேற்படி' என்று தட்டியிருந்தார். மனிதருக்கு அது புரியும். செயலியைப் பொறுத்தவரை மேற்படி என்று ஒரு பெரிய மிராசுதார் ஊரில் இருக்கிறார், அவருக்கு நூற்றெண்பது ஏக்கர். காளியம்மாள் பெயரில் மிஞ்சியது மூன்று சென்ட் வீட்டு மனை மட்டும்.

"கொடி பிடிச்சு, அடி வாங்கி, அந்த ஒரு ஏக்கரை வாங்குனோம். அதை எவனுக்கோ எழுதிட்டியே பாப்பா" என்றாள் காளியம்மாள்.

பாத்திமா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'மேற்படி' என்று இருந்த இடத்திலெல்லாம் அதற்கு மேலே இருந்த பெயரையே நிரப்பி, மறுபடி மாற்றி ஏற்றினாள். கொள்முதல் நிலையத்து வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு வேலை நடந்தது. காளியம்மாள் மட்டும் அரை மணியில் திரும்பி வந்தாள். அவளுக்கு இப்போது இருபத்துமூன்று ஏக்கராம். அத்தனை நெல்லையும் ஒரே டோக்கனில் கொண்டுவந்தால்தான் எடுப்பார்களாம்.

அவள் பின்னாலேயே பண்ணை ரெத்தினம் வந்தார். அவருடைய நெல் இரண்டு டிராக்டரில் போய், இரண்டு டிராக்டரிலும் திரும்பியிருந்தது.

"எங்க கொட்டாயில சாணி அள்ளுனவ பேருல எங்க இருபத்திரெண்டு ஏக்கரா? யாரும்மா உன்னை இந்த வேலையில வச்சது?"

பாத்திமா முருகையனுக்குப் போன் போட்டாள். அவர் பேராவூரணியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். அது பண்ணை நிலம்தான், ஊருக்கே தெரியும், மேற்படியை எல்லாம் ரெத்தினம் என்று மாற்றிவிடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எந்த மேற்படியை என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. சரி, சொன்னதைச் செய்வோம் என்று முருகையனின் பழைய அட்டவணையை மறுபடி எடுத்து, அதிலிருந்த மேற்படி அத்தனையையும் ஒரே தட்டில் ரெத்தினம் ஆக்கினாள். கோபத்தில் செய்கிற வேலை வேறு எப்படி இருக்கும்?

திரை முழுக்கச் சிவப்பாக வந்தது. ரெத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நில உச்சவரம்பு மீறல், ஏற்கெனவே அவர் பேரில் இருந்த பதினைந்தோடு சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றைந்து ஏக்கர், உபரி நிலம் கையகப்படுத்தலுக்குப் பரிந்துரை.

"இது மேல போயிருக்குமா?" என்றார், குரல் இறங்கி.

"போயிடுச்சுங்க."

வெளியே முப்பது பேர் கூடிவிட்டார்கள். எல்லார் வயலும் பண்ணைக்குப் போய்விட்டது என்று கத்தினார்கள். ஜன்னல் கம்பியில் முதல் தூறல் விழுந்தது. களத்து நெல்லை மூட ஒரு சாக்குகூட இல்லை என்று காளியம்மாள் சொன்னாள், இந்த முறை கத்தாமல். அதுதான் பாத்திமாவைச் சுட்டது.

"இனிமே யாரு வாய்ல சொல்றதையும் நான் ஏத்தமாட்டேன். என்ன வேணுமோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றாள்.

ரெத்தினம் தாளைப் பிடுங்கினார். எங்கப்பா எல்லாத்தையும் சட்டப்படி எழுதி வச்சிட்டுப் போன மனுஷன், எனக்கென்ன பயம் என்று சொல்லிக்கொண்டே எழுதினார்: 'பழைய பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ, அவர் பெயரையே ஓர் எழுத்தும் மாறாமல் ஏற்றவும். எனக்கு இதில் எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' எழுதியதன் கீழே கையெழுத்தும் போட்டார். பாத்திமா அதற்கு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள்.

தலையாரி துரைக்கண்ணு பீரோவிலிருந்து பதிவேட்டைத் தூக்கிவந்து தூசி தட்டிப் பிரித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். நின்றார். மேலே போய் மறுபடி இறங்கினார். பிறகு காளியம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டு, ரெத்தினத்திடம் திரும்பினார்.

"ஐயா, காளியம்மாவுக்கு இருபத்துமூணு ஏக்கருன்னு கம்ப்யூட்டரு சொன்னதுதாங்க சரி, உச்சவரம்புக்குப் பயந்து உங்கப்பா அந்த இருபத்திரெண்டு ஏக்கரையும் இவ பேருக்குத்தான் எழுதி வச்சிருக்காரு."