பதிமூன்று நாள் திரை இருட்டு

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

பதினெட்டு நாளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, நாம் லேப்டாப்பில் பேசிக்கொண்டிருந்தபோது நீ ஒன்று கேட்டாய். “அவரும் போயிட்டாரு, பிள்ளைங்களும் ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. நான் உன்கூடவே வந்து இருந்துடட்டுமா அண்ணா?” என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று நினைத்திருப்பாயோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கைபேசியில் கூப்பிடலாமென்றால், உன் உதட்டைப் பார்க்காமல் நீ பேசுவது என் காதுக்குப் பிடிபடுவதில்லை. அதனால்தான் கடிதம்.

லேப்டாப்புக்கு வாரண்டி முடிய அப்போது பதினான்கு நாள் இருந்தது. வானிலை நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் வெப்பமானி பார்த்துக் குறித்தவன் ஆகையால், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஓடாமல் முதலில் பழுதைக் கவனித்துக் குறிப்பெடுத்தேன். காலை ஆறு மணி, அறை வெப்பம் இருபத்தாறு, ஈரப்பதம் எழுபது, திரை இருட்டு. பகல் பன்னிரண்டு மணி, வெப்பம் முப்பத்தொன்று, ஈரப்பதம் ஐம்பத்தெட்டு, திரை இருட்டு. இப்படியே பதிமூன்று நாள். கடைசி நாளன்று, வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே, நுரைத் துண்டுகள்கூடக் குறையாமல் அதை வைத்துக் கட்டி, வாரண்டி அட்டை, ரசீது, இரண்டின் நகல், கடவுச்சொல் எழுதிய சீட்டு, என் அட்டவணை எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கருவியை மட்டும் கொண்டுவரவும் என்று அட்டையில் போட்டிருந்ததால் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் அட்டவணையைப் புரட்டிவிட்டு, “சார், இதுல ஈரப்பதம் எல்லாம் இருக்கு. என்ன ஆச்சுங்கறது மட்டும் இல்லையே” என்றார். திரை இருண்டுபோச்சுங்க என்றேன். “கீழ போட்டீங்களா?” இல்லை. “தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?” இல்லை. “அப்ப கடைசியா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” தங்கச்சியோட பேசிட்டு இருந்தேன். “சண்டையா?” இல்லைங்க, ஒரு கேள்வி கேட்டா. “என்ன கேள்வி?” எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். பின்னாலிருந்த ஓர் அம்மாள், “ஐயோ பாவம், அந்தப் பொண்ணு இன்னும் காத்துக்கிட்டு இருக்குமே” என்றார். பொண்ணுக்கு அறுபத்தெட்டு வயசு ஆகுதுங்க என்றேன். அது சொல்லியிருக்க வேண்டாம். ஆறு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கவுண்டர் பெண் பொத்தானை அமுக்கிப் பார்த்து, “ஆமா சார், செத்துத்தான் கிடக்கு” என்று சொல்லி, ‘திரை இயங்கவில்லை, காரணம் தெரியவில்லை’ என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ரசீதுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவின் ரேடியோ ஞாபகம் வந்தது. அதற்கு மூன்று வருஷ கேரண்டி. பேச்சு கரகரக்கிறது என்று எழுதிப் போட்டதும் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்தார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் நின்றார். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பிஸ்கட் துண்டுகள், அவற்றைச் சுற்றி எறும்பு. அப்பா முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீதான் முன்னால் வந்து, “நான்தான் போட்டேன். செய்தி வாசிக்கிறவரு காலையிலேருந்து பேசிட்டே இருக்காரு, பசிக்காதா?” என்றாய். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். கல்யாணமாகிப் போன பிறகு நீ எழுதிய கடிதங்களும் ஞாபகம் வந்தன. இடம் போதாமல் நாலு ஓரத்திலும் எழுதியிருப்பாய். நிலையத்து வாசலில் நின்று தாளைச் சுற்றிச் சுற்றிப் படிப்பேன். மேலதிகாரி ஒருநாள், “என்னய்யா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கறியா?” என்று கேட்டார். லேப்டாப் வந்ததில் உன் முகம் கிடைத்தது. அந்த ஓரங்கள் போய்விட்டன.

ஆகவே, கருவி சரியாகி வரப் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். வந்த பிறகு உன் கேள்விக்கு இருபக்கமும் யோசித்து முறையாகப் பதில் சொல்கிறேன். பழுது இயந்திரத்தில்தான், மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் கேட்டால். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், வந்து எடுத்துப்போகச் சொல்லிச் செய்தி வந்தது. போனேன். பழுது பார்ப்பவர், “இதுல ஒரு கோளாறும் இல்ல சார். சார்ஜ் இல்லாம இருந்துது, போட்டோம், வந்துடுச்சு. வந்த உடனே உங்க தங்கச்சி கூப்பிட்டாங்க. அரை மணி நேரம் பேசினோம். ‘அவன் பயந்தாங்கொள்ளி, மூடியைப் பட்டுனு மூடியிருப்பான், வேற ஒண்ணும் இருக்காது’ன்னு அவங்களே சொல்லிட்டாங்க” என்றார். கவுண்டர் பெண் குனிந்துகொண்டு சிரித்தார்.

உண்மைதான். நீ கேட்டதும் கை தானாகப் போய் மூடிவிட்டது. மூடியது மூடியபடியே இருக்கையில்தான் பதிமூன்று நாளும் குறித்தேன். திரை இருட்டு என்றது பொய்யில்லை, யார் இருட்டாக்கியது என்பதற்கு அட்டவணையில் கட்டம் போடவில்லை, அவ்வளவுதான். நீ வருவது எனக்குப் பயமில்லை. வந்து நாலு மாதத்தில், இவனோடு இருக்க முடியாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாயோ என்றுதான் பயம்.

வா. சன்னலோரக் கட்டில் உனக்கு. சின்ன வயசில் போல, இந்த முறை நான் அதற்குச் சண்டைக்கு வர மாட்டேன்.