எண்பத்து நாலாவது கொட்டை

பழம் எண்பத்து நாலு. கொட்டை எண்பத்து மூன்று. லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். கொட்டை எண்பத்து மூன்றை விட்டு அசையவில்லை.

வேறு யாராவது என்றால் செர்ரிப் பழத்தை எண்ணியே இருக்க மாட்டார்கள். இவர் இருபது வருஷமாக லிஃப்ட்டைக் கழற்றி மாட்டுகிறவர். கழற்றிய போல்ட்டும் மாட்டிய போல்ட்டும் ஒத்துப்போகாமல் இடத்தை விட்டு நகர மாட்டார். சட்டை போட்டாலும் பொத்தானை எண்ணுவார் என்று மனைவி சொல்வதில் கொஞ்சம்தான் மிகை.

ஒரு கொட்டைதானே, போகட்டும் என்று விடவும் முடியாது. நாலு மணிக்கு மாமியார் வருகிறார், அவருக்காகத்தான் இந்தச் செர்ரிக் கேக். ஆறு மாதத்துக்கு முன் இதே வீட்டில், இவர் செய்த பேரீச்சம்பழக் கேக்கில் கிடந்த ஒரு கொட்டை மாமியாரின் முன்பல்லை உடைத்துவிட்டது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, மிச்சமும் ஆடுகிறது என்று மேல் வரிசையை மொத்தமாக எடுத்து, செட் கட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் மாமியார் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையாட்டியதோடு சரி. போனில் மகளிடம் முக்கால் மணி நேரம் அளக்கிற மனுஷி, இந்த வீட்டு வாசல் மிதித்தால் ஒரு வார்த்தை கிடையாது.

மெக்கானிக்குக்கு அது நிஜமாகவே வலித்தது. எந்த மாடியில் லிஃப்ட் நின்றது, உள்ளே மாட்டிக்கொண்டவர் என்ன கூத்து அடித்தார் என்றெல்லாம் அவர் சொல்லும் கதைகளை ஆசையாகக் கேட்ட ஒரே ஜீவன் மாமியார்தான். மனைவி இரண்டாவது மாடிக்கு வருவதற்குள் தூங்கிவிடுவாள்.

ஆகவே இந்தத் தடவை கையை நம்பாமல் கருவி வாங்கினார். பார்க்கக் குறடு போல இருந்தது. ஒரு பக்கம் குட்டிக் கிண்ணம். அதில் பழத்தை வைத்துப் பிடியை அமுக்கினால், மேலிருந்து ஒரு கம்பி இறங்கிக் கொட்டையைக் குத்திக் கீழே டப்பாவில் தள்ளும். ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழற்றினார். ஒன்பது பாகம். மாட்டினார். ஒன்பதும் சரி. திராட்சையைக் குத்திப் பார்த்தார், அழிரப்பரைக் குத்திப் பார்த்தார், சோப்பையும் விடவில்லை. காலைப் பொழுது இப்படியே போய், பழத்துக்கு வந்தபோது மணி ஒன்று.

இப்போது ஒரு கொட்டை குறைகிறது.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டாள். "பழத்தை எண்ணினது தப்பா இருக்கலாமில்ல?"

"நான் எண்ணினது தப்பா இருந்தா இந்த ஊர்ல பாதி லிஃப்ட் கீழே விழுந்திருக்கும்."

பேசாமல் பிஸ்கட் வாங்கி வைக்கச் சொன்னாள். கேக் செய்கிறேன் என்று போனில் சொல்லியாகிவிட்டது, இப்போது பிஸ்கட்டை நீட்டினால் பழைய குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்றார் இவர்.

ஃப்ரிட்ஜ் அடியில் தேடினார். பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயைக் கழற்றிப் பார்த்தார். இல்லை. அப்படியானால் கொட்டை ஏதோ ஒரு பழத்துக்குள்தான் இருக்கிறது. எண்பத்து நாலையும் கருவியில் இரண்டாம் முறை வைத்துக் குத்தினார். ஒரு துளை இருந்த பழத்தில் இரண்டு துளை ஆனது, பாதி கிழிந்தது, மீதி கூழானது. கொட்டை வரவில்லை. கூழில் கையை விட்டுத் துழாவினார். வருஷக்கணக்காக ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குக் கொட்டையும் பழத்தோலும் ஒன்றாகவே பட்டன.

மாவோடு கலந்து, எஃகுக் கரண்டியால் கிண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு தரம் டங் என்று சத்தம் வந்தது. சந்தோஷமாகப் பார்த்தால், அவருடைய மோதிரம் பாத்திரத்தில் இடித்த சத்தம்.

மணி இரண்டரை. வேறு வழியில்லாமல் ஓவனில் வைத்தார்.

வெந்து இறக்கியதும், ஸ்வெட்டர் பின்னும் ஊசியை எடுத்து அரை அங்குலத்துக்கு ஒரு குத்து குத்திப் பார்த்தார். கேக் சல்லடையானதுதான் மிச்சம். கடைசியில் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டினார். முப்பது துண்டு. ஒவ்வொன்றாக மூலையைக் கடித்துப் பார்க்கலாம் என்பது திட்டம். கொட்டை என்ன மூலையிலா உட்கார்ந்திருக்கும்? நடுவையும் கடித்தார். கடித்த துண்டை விருந்தாளிக்கு வைக்க முடியாதே, முழுங்கினார்.

மனைவி எட்டிப் பார்த்தபோது தட்டில் ஆறு துண்டுதான் இருந்தது. வாய் நிறைய அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட நின்றுகொண்டிருந்தார் மெக்கானிக்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? அம்மாவுக்குன்னு செஞ்சதைப் பூரா நீங்களே..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இருபத்தைந்தாவது துண்டை வாயில் வைத்துக் கடித்தார். கடக் என்றது.

உள்ளங்கையில் துப்பினார். எண்பத்து நாலாவது கொட்டை. பக்கத்திலேயே அவருடைய முன்பல்லில் பாதி.

வலியில் உயிர் போனது. ஆனால் மனசு காற்றாக லேசாகிவிட்டது. மீதி ஐந்து துண்டும் சுத்தம், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

மாமனாரோடு மாமியார் வந்தார். வழக்கம்போல உதட்டை மூடிக்கொண்டு தலையாட்டினார். மெக்கானிக்கும் உதட்டை மூடிக்கொண்டு தலையாட்டினார். உடைந்த பல் தெரிந்தால் எப்படி உடைந்தது என்ற கேள்வி வரும், கேள்வி வந்தால் கேக்கை யார் தொடுவார்கள்? மாமியார் துண்டை டீயில் ஊற வைத்து, மெதுவாகச் சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். ஆனால் பேச்சு மட்டும் இல்லை. அவரும் இவரும் வாயைத் திறக்காமல் எதிரும் புதிருமாக உட்கார்ந்து புன்னகை செய்துகொண்டிருக்க, மாமனார் செய்தித்தாளில் மூழ்கிவிட, பாவம் மனைவி ஒருத்தியே ஒரு மணி நேரம் பேசினாள். மாமியார் அடிக்கடி மருமகனின் முகத்தைக் கவலையோடு பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இத்தனை பாடுபட்டும் கோபம் தீரவில்லையே என்று மெக்கானிக் நொந்துகொண்டார். கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மாமனார் பின்னாலேயே வந்து, கதவை லேசாகச் சாத்தினார். மகளுக்குத் தெரிய வேண்டாம் என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களும் பேசாம இருக்கறதைப் பார்த்து அவ ரொம்ப பயந்துபோயிட்டா மாப்பிள்ளை. அவளுக்கு உங்க மேல கோபமே கிடையாது. உங்க கேக்கை நம்பிப் புதுப் பல்செட்டைப் போட்டுட்டு வர தைரியம் இல்லாம, ஒவ்வொரு தடவையும் அதை பீரோல வச்சுப் பூட்டிட்டு வர்றா, பொக்கை வாயோட எப்படிப் பேசுவா?"