பிரம்மச்சாரி வீட்டு வாசலில் கார்த்திக்

பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்த பரிதோஷ் ஹாஜ்ரா, வாசற்படியில் கடவுளைக் கண்டார்.

முழங்கால் உயரம். மயில் மேல் சவாரி. பட்டு வேட்டி, சுருட்டை முடி, புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிய மீசை. 'ஏம்ப்பா, எவ்வளவு நேரம் வெளியிலேயே உட்கார வைப்பாய்?' என்று கேட்பதுபோல் ஒரு சிரிப்பு வேறு. நமக்கு முருகன். வங்காளத்தில் பாகீரதிக் கரையில் இருக்கும் கட்வா ஊர்க்காரர்களுக்குக் கார்த்திக்.

பின்னால் விளக்குமாறோடு வந்த சமையல்காரி மினதி மாசி அதை அப்படியே கீழே போட்டாள்.

"ஐயையோ தாதாபாபு! எப்போ கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நான் எங்கே பண்ணிக்கிட்டேன்?"

"பின்னே இவரு எப்படி வந்தாரு? நடந்தா?"

மாசி கேட்டதில் நியாயம் இருந்தது. கார்த்திக மாதம் முடிவதற்கு முந்தின இரவில், குழந்தை பிறக்கட்டும் என்று புதுத் தம்பதியின் வாசலில் கார்த்திக்கைப் போட்டுவிட்டு ஓடிவிடுவது அங்கே வழக்கம். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. மறுநாள் மாலை பூஜை செய்ய வேண்டும், போட்டவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றால் விருந்தும் வைக்க வேண்டும். ஆக, வாசலில் கார்த்திக் இருந்தால் உள்ளே ஒரு புருஷனும் ஒரு பெண்டாட்டியும் இருந்தாக வேண்டும். இந்த வீட்டிலோ நாற்பத்து மூன்று வயது பரிதோஷைத் தவிர வேறு யாரும் இல்லை.

அதுவும் எந்த நாளில்! பதினோரு மணிக்கு மந்திரா வருகிறாள். அண்ணன், அண்ணியோடு வீடு பார்க்க வருகிறாள்.

மந்திரா பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியை. பரிதோஷ் கல்லூரியில் சரித்திரம் நடத்துபவர். பரீட்சை மேற்பார்வையின்போது இருவரும் சேர்ந்து டீ குடித்ததில் ஆரம்பித்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் டீ குடித்தார்கள். ஒவ்வொரு டீக்கும் பரிதோஷ் வாயைத் திறந்தார், பிஸ்கட்டைப் போட்டு மூடிக்கொண்டார். கடைசியில் அவள்தான், "எங்க அண்ணன் உங்க வீட்டைப் பார்க்கணும்னு சொல்றாரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். இந்த ஒரு வாய்ப்பையும் விட்டால் தனக்கு விடிவே கிடையாது என்பது பரிதோஷுக்கு நன்றாகத் தெரியும்.

"மாசி, இதை யாரோ வீடு மாத்திப் போட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுல புதுசா கல்யாணம் ஆனவங்க இருக்காங்க இல்ல? அவங்களுக்குத்தான் வந்திருக்கும்."

இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல் கார்த்திக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்களுக்கு ஏற்கெனவே மூணு வந்திருக்கு. என் பெண்டாட்டி பயந்துபோய் அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டிருக்கா!"

திரும்பி வரும் வழியில் தெரு முழுக்கக் கண்டுகொண்டது. யாரோ ஒரு வீட்டில் சங்கு ஊதினார்கள். எதிர் மாடியில் பெண்கள் குலவையிட்டார்கள். மிட்டாய்க் கடைக்காரர் கல்லாவை விட்டே எழுந்து வந்தார்.

"கமுக்கமா முடிச்சிட்டீங்களே சார்! கவலைப்படாதீங்க, சாயங்காலப் பூஜைக்குச் சந்தேஷ் இனிப்பு என் பொறுப்பு. பூசாரிக்கும் ஆள் அனுப்பிடறேன்."

"இல்லீங்க, நான் வந்து…"

"வெட்கப்படறாரு!" என்று கடைக்காரர் தெருவுக்கே அறிவித்தார்.

வீட்டுக்குள் ஓடிவந்த பரிதோஷ், கார்த்திக்கைப் படுக்கையறைக் கட்டிலில் உட்கார வைத்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினார். இருபது வருஷமாக அவர் நடத்தும் பாடம் 'இந்து மரபுகள்: வரலாறும் வகைகளும்'. ஒரு சாமிக்கு ஊருக்கு ஊர் எத்தனை பெயர், எத்தனை வேஷம் என்று மூச்சுவிடாமல் பேசுவார். அந்தச் சாமிகளில் ஒருவர் வீட்டுக்கு வந்தால் எங்கே ஒளித்து வைப்பது என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை.

அதற்குள் மாடியில் குடியிருக்கும் பரமேஸ்வரி இறங்கி வந்துவிட்டாள். புருஷனுக்கு ரயில்வே வேலை. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம்.

"சார், முருகன் வந்திருக்காராமே? எங்கே?" என்றவள் போர்வையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடப் பாவமே! சாமிக்குக் குளிருதுன்னா போத்தியிருக்கீங்க?"

பரிதோஷ் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் டோட்டோ என்கிற பேட்டரி ஆட்டோவின் ஹாரன் கேட்டது. பரிதோஷ் வாசலுக்கு ஓடினார்.

முதலில் மந்திராவின் அண்ணன் புலின் இறங்கினார். கோர்ட்டில் வக்கீல், முகமே குறுக்கு விசாரணை மாதிரி இருக்கும். பின்னால் அவர் மனைவி அஷ்வினி, புனேக்காரி. கடைசியாக மந்திரா. மயில் நீலத்தில் சேலை கட்டியிருந்தாள். பரிதோஷுக்கு அந்த நிமிஷம் கார்த்திக்கே மறந்துபோனார். அவ்வளவு சந்தோஷம்.

"வாங்க, வாங்க" என்று அவர் வாயெடுத்ததுமே மினதி மாசி முந்திக்கொண்டாள்.

"நல்ல நாளாப் பார்த்து வந்தீங்க! உள்ளே கார்த்திக் வந்திருக்காரு, தாதாபாபு படுக்கையறையில வச்சிருக்காரு."

உள்ளே வைத்த காலை அஷ்வினி வெளியே எடுத்தாள்.

"நான் வர மாட்டேன்பா. எங்க ஊர்ல பொம்பளைங்க கார்த்திகேயனைப் பார்க்கவே கூடாது. அவரு பிரம்மச்சாரி. பார்த்தா ஏழு ஜென்மத்துக்குத் தாலி தங்காது."

"உன் தாலி தங்கணுமே, அது எனக்கும் முக்கியம்" என்று கவலையாகச் சொல்லி, புலினும் மனைவியோடு வாசலில் நின்றுவிட்டார்.

வீடு பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் வராமல் போனால் எப்படி? பரிதோஷ் தலையில் கை வைத்தார். பரமேஸ்வரி முந்தானையைச் செருகினாள்.

"இவ்வளவுதானே? பிரம்மச்சாரியா இருந்தாத்தானே பார்க்கக் கூடாது? எங்க முருகன் பிரம்மச்சாரின்னு யாரு சொன்னது? ஒரு நிமிஷம் இருங்க."

மாடிக்கு ஓடியவள், கொலுப்பெட்டியிலிருந்து இரண்டு பெண் பொம்மைகளோடு இறங்கி வந்தாள். போர்வையை உருவிவிட்டு, கார்த்திக்கின் வலப்பக்கம் வள்ளியையும் இடப்பக்கம் தெய்வானையையும் நிறுத்தினாள். மூவருக்கும் பொட்டு வைத்துப் பூவும் வைத்தாள். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது.

"அஷ்வினி அக்கா, தைரியமா வாங்க! கல்யாணம் ஆயிடுச்சு!"

அஷ்வினி ஒரு கண்ணை மட்டும் திறந்து எட்டிப் பார்த்தாள். "நிஜமாவே ரெண்டு பேரு இருக்காங்களே! அப்போ தோஷமில்லை" என்று நிம்மதியாக உள்ளே வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் மந்திராவோடு வந்த புலின்தான் அசையாமல் நின்றார்.

"பரிதோஷ்பாபு, பெண்டாட்டி இருக்கிற வீட்டுக்குத்தான் எங்க ஊர்ல கார்த்திக் வருவாரு. உங்க வீட்டுக்கு வந்திருக்காரு. வந்தவரைப் படுக்கையறையில மறைச்சு வச்சிருக்கீங்க. போதாததுக்குப் பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க. எனக்கு இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க."

"புலின் அண்ணா, அது வந்து, ஸ்கந்த வழிபாட்டோட வரலாறே ரொம்பச் சுவாரசியமானது" என்று பரிதோஷ் ஆரம்பித்தார். பதறினால் அவருக்குப் பாடம்தான் வரும். "ஒரு காலத்துல வடக்கே இவரு படைவீரர்களோட சாமி. குப்த ராஜாக்கள் காசுல எல்லாம் இவரோட மயில் இருக்கு. அப்புறம் பார்த்தா, வடக்கே மவுசு குறைஞ்சுபோச்சு. தெற்கே மலைக்கு மலை இவருதான். அங்கே குறத்திப் பொண்ணைக் காதலிச்சுக் கட்டிக்கிறாரு. மராட்டியத்துல பொம்பளை வாடையே ஆகாது. நம்ம வங்காளத்துல தானே பிரம்மச்சாரியா இருந்துக்கிட்டு ஊருக்கெல்லாம் பிள்ளை கொடுக்கிறாரு. எது சரின்னு கேட்டா எல்லாமே சரிதான்…"

"நான் அவரோட கல்யாணத்தைப் பத்திக் கேக்கலை. உங்களோடதைக் கேக்கறேன்."

அந்த நேரம் பார்த்துப் பூசாரி உள்ளே நுழைந்தார். அன்றைக்கு அவருக்கு ஏகப்பட்ட வீடு, நிற்க நேரமில்லை. கட்டிலைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இது என்ன புதுசா ரெண்டு அம்மா? இவங்களுக்கு என்கிட்ட மந்திரம் கிடையாதே!"

"என்கிட்ட இருக்கு. நான் திருப்புகழ் பாடிடறேன், நீங்க நடுவுல இருக்கிறவரை மட்டும் பாருங்க" என்றாள் பரமேஸ்வரி.

"சரி, அவரவர் பங்கை அவரவர் பார்ப்போம். சார், சாயங்காலம் சங்கல்பத்துக்குப் பேரு சொல்லுங்க. உங்க பேரு பரிதோஷ் ஹாஜ்ரா. வீட்டம்மா பேரு?"

எல்லோரும் பரிதோஷைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கும் அதுதான் தெரியணும்" என்றார் புலின். "மந்திரா, கிளம்பு."

மந்திரா நகரவில்லை. பரிதோஷையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை அறையில் கடைசி மணி அடிக்கப் போகும்போது பிள்ளைகள் தாளைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. குப்த ராஜாக்களும் மராட்டியமும் ஒரேயடியாகத் தலையிலிருந்து பறந்துபோயின.

"எனக்குப் பெண்டாட்டி கிடையாது!" என்று கத்தினார். "ஒண்ணும் கிடையாது, ரெண்டும் கிடையாது! ஆனா வேணும்! மந்திராதான் வேணும்! டீ குடிச்ச முதல் நாளே சொல்லியிருக்கணும். பயம், பயம், வெறும் பயம்! புலின் அண்ணா, உங்க தங்கச்சியை எனக்குக் கட்டிக் கொடுங்க. மாட்டேன்னு சொன்னீங்கன்னா இந்தச் சாமி முன்னாடியே உக்காந்து அழுதுடுவேன்!"

"மந்திரா ஹாஜ்ரா" என்று பூசாரி முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டார். "நல்லா ஒத்துவருது. கோத்திரம் சாயங்காலம் கேட்டுக்கறேன்" என்று அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

மினதி மாசி குலவையிட்டாள். வங்காளக் குலவைக்குப் பரமேஸ்வரி திண்டுக்கல் குலவையால் பதில் கொடுத்தாள். அஷ்வினி அழுதுகொண்டே சிரித்தாள். புலினுக்கு முகம் இளகிவிட்டது, வக்கீல் புத்தி மட்டும் இளகவில்லை.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. ஆனா கல்யாணமே ஆகாதவன் வீட்டு வாசல்ல கார்த்திக்கைப் போட்ட முட்டாள் யாரு? அந்த ஆளை நான் சும்மா விடறதா இல்லை."

"விடுங்க அண்ணா, யாரா இருந்தா என்ன?" என்றாள் மந்திரா அவசரமாக.

வண்டி நிற்க வேண்டுமா, போகலாமா என்று கேட்க டோட்டோக்கார நிமாய் உள்ளே தலையை நீட்டினான். கட்டிலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அட, மந்திரா தீதி! நேத்து ராத்திரி உங்க மடியில உக்காந்து என் வண்டியில வந்த கார்த்திக் இவருதானே? 'இதைப் போட்டாலாவது அந்த மனுஷன் வாயைத் திறக்கிறாரா பார்ப்போம்'னு சொன்னீங்களே, திறந்தாரா?"