கெடு தாண்டிய கடைவாய்ப்பல்

கெடுதாண்டிகளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அநியாயம் நடந்த அன்றே கொதிப்பார்கள், ஊரைக் கூட்டுவார்கள், "கோர்ட்டுல ஏத்தாம விடமாட்டேன்" என்று சபதம் போடுவார்கள். பிறகு சபதம் போட்டதையே கேஸ் போட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவார்கள். கெடு முடிந்த மறுநாள் பாருங்கள், விழிப்பு வந்துவிடும்.

பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் மீரா சாகிப் இந்த இனத்தில் முதல் தரம். இடது கடைவாய்ப்பல் வலிக்கிறதென்று ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி ஆட்டோவில் ஏறியபோது வலது பல்லைக் காணோம். இடது பல் வலித்துக்கொண்டிருந்தது. தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்!

சும்மா இருப்பாரா? மண்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டினார். கல்யாண வீட்டில் பிரியாணிக்கு நடுவே காட்டினார். லாரி டிரைவர்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பாவம், வேதனை பொய்யில்லை. நல்ல பல் போன பக்கம் மெல்ல முடியாது. கெட்ட பல் இருக்கும் பக்கம் தொடவே முடியாது. மாதக்கணக்கில் கஞ்சிதான், வேறு டாக்டர்களிடம் நடைதான்.

மனைவி ஆமினா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, வக்கீலைப் பாத்தீங்களா?"

"நோன்பு முடியட்டும்."

முடிந்தது.

"காய் வெட்டு முடியட்டும்."

அதுவும் முடிந்தது.

"மழை விடட்டும்."

மழை விட்டது. இரண்டு முறை விட்டது. அதற்கப்புறம்தான் தஞ்சாவூரில் வக்கீல் கயல்விழியின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"பாய், நுகர்வோர் கோர்ட்டுக்கு ரெண்டு வருஷந்தான் கெடு. அதையும் தாண்டி இருநூத்திப் பத்து நாள் ஆச்சு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். ஆனா தக்க காரணம் வேணும்."

"காரணத்துக்கா பஞ்சம்? புயல்னு எழுதுங்க."

"புயல் வந்தப்ப உங்க பல்லு பத்திரமா இருந்துச்சு, பாய்."

"அப்ப, தப்பான பல்லுன்னு நேத்துதான் தெரிஞ்சுதுன்னு எழுதுங்க!"

பொய் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்ட கயல்விழி, வலியையும் வைத்தியத்தையும் மட்டும் எழுதி மனுப் போட்டார். விசாரணையன்று ஓரளவு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வக்கீல் எழுந்து, "தப்பான பல்லுன்னு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்கும் வரை.

"எப்பவா? ஆட்டோவுலயே தெரிஞ்சுபோச்சுங்க! பேராவூரணியே வந்து பாத்துச்சு!" என்றவர், நீதிபதி பக்கம் திரும்பி வாயையும் ஆவென்று திறந்து காட்டினார்.

கயல்விழி கண்ணை மூடிக்கொண்டார். மனு தள்ளுபடி.

"அப்பீல் இருக்கு. நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள போடணும்" என்றார் வெளியே வந்து.

மீரா சாகிப் முகம் மலர்ந்துவிட்டது. "நாப்பத்தஞ்சு நாளா! தாராளமா இருக்கே. ஊருக்குப் போயி, ஒரு நல்ல நாளாப் பாத்து..."

ஆமினா பேனாவை அவர் கையில் திணித்தார். "அப்பீலுக்கு இங்கயே கையெழுத்துப் போடுங்க. போடாம பஸ் ஏற விடமாட்டேன்."

போட்டார். கூடவே ஆமினா கயல்விழியிடம் ஒரு பையை நீட்டினார்: அத்தனை டாக்டர்களின் சீட்டும், தேதிவாரியாகக் கோத்தது. அதைப் பார்த்துத்தான் மேல் கோர்ட் தாமதத்தை மன்னித்தது. கேஸ் இப்போது நடக்கிறது. மீரா சாகிப், தான் அன்றைக்கே போட்ட கேஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பீரோவில், தீபாவளி கழியட்டும் என்று மடித்து வைத்த காகிதம் ஒன்று இருக்கிறதே, அதில் என்ன தேதி போட்டிருக்கிறது? இதைப் படித்து முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்கிறீர்களா?

முடிந்துவிட்டது. எழுந்திருங்கள்.